செடிகளுக்கும் சொந்தபந்தம் உண்டு!

அஞ்சறைப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. தனியா, சீரகம், சோம்பு, ஓமம் நான்கிலும் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் தனித்தனியாகப் போடுங்கள். கிட்டப் பார்வை மங்கியவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம். ஒன்று உருண்டை, ஒன்று மெலிசு, ஒன்று கொஞ்சம் பருமன், ஒன்று பொடி. ஆனால் உற்றுப் பார்த்தால் நாலின் முதுகிலும் வரி வரியாகக் கோடு ஓடுகிறது, பார்த்தீங்களா? தனியாவை விரலால் அழுத்தினால் சரிபாதியாகப் பிளக்கிறது. சோம்பும் அப்படியே இரண்டாகப் பிரிகிறது.

இது ஏதோ தற்செயலாக அமைந்த ஒற்றுமை இல்லை. நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தாவர இயலில் இந்த வீட்டுக்கு ஏபியேசியே என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை, கொத்துமல்லிக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தனியா தூவி, கீரையைக் கிள்ளாமல் விட்டுவைத்தவர்களுக்கு அதன் பூ தெரிந்திருக்கும். ஒரே இடத்திலிருந்து குடைக்கம்பி மாதிரி காம்புகள் விரிந்து, நுனியில் பொடிப் பொடியாகப் பூ. சீரகத்துக்கும் ஓமத்துக்கும் அதே குடைதான். காரட்டும் இந்த வீட்டுப் பிள்ளை. நாம் வேரைப் பிடுங்கிவிடுவதால் அது குடை விரிப்பதைப் பார்ப்பதில்லை. பெருங்காயமும் இவர்களுக்கு உறவு. அந்தச் செடியின் வேரைக் கீறினால் வடியும் பால்தான் உறைந்து பெருங்காயமாகிறது. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்துதான் நமக்கு வந்துகொண்டிருந்தது. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் நம் விஞ்ஞானிகள் அதை நட்டுப் பயிரிட ஆரம்பித்தார்கள். ரசத்துக்குத் தினமும் பெருங்காயம் போடுகிற நமக்கு இது சின்னச் செய்தி இல்லை!

தாவர இயல் என்றதும் பலருக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வரும். செம்பருத்திப் பூவை பிளேடால் நெடுக அறுத்து, புல்லி, அல்லி, மகரந்தம், சூலகம் என்று படம் வரைந்து பாகம் குறித்து, ஐந்து மார்க் வாங்கியதோடு சரி. ஆனால் எதற்காகப் பூவை அறுக்கச் சொன்னார்கள், இலையை ஏன் அறுக்கச் சொல்லவில்லை என்று அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விஷயம் இதுதான். இலை இடத்துக்குத் தகுந்தாற்போல மாறும். நிழலில் அகலமாகும், வெயிலில் சுருங்கும், தண்ணீர் இல்லாவிட்டால் முள்ளாகவே ஆகிவிடும். பூ அவ்வளவு சுலபத்தில் மாறாது. அதில் குடும்ப முகஜாடை அப்படியே இருக்கும். வெண்டைப் பூவையும் செம்பருத்தியையும் பருத்திப் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ், நடுவில் ஒரு குழல், குழல் மேல் மகரந்தத் தூள். அக்கா தங்கை என்று சத்தியம் செய்யலாம்.

இந்தப் பூக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், செடிகளை வகை பிரித்தார். 1753-இல் அவர் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் ஒவ்வொரு செடிக்கும் இரட்டைப் பெயர் வைக்கிற வழக்கம் நிலைத்தது. அந்த லத்தீன் பெயர் எதற்கு, நம்மூர்ப் பெயர் போதாதா என்று தோன்றும். போதாதுதான். மணத்தக்காளியை ஒரு ஊரில் மிளகுதக்காளி என்கிறார்கள், மதுரைப் பக்கம் சுக்குட்டிக் கீரை என்கிறார்கள். இதாவது பரவாயில்லை. கற்பூரவல்லி வாங்கி வா என்றால் ஒருத்தர் இருமலுக்குக் கஷாயம் வைக்கிற இலையைக் கொண்டுவருவார், இன்னொருத்தர் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவருவார். இருவர் பேரிலும் தப்பில்லை!

அந்தக் கற்பூரவல்லி இலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓம வாசனை அடிப்பதால் ஓமவல்லி என்றும் சொல்கிறோம். ஆனால் அது ஓமத்துக்கு உறவே இல்லை. துளசி, புதினா, தும்பை எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். வாசனையை நம்பக் கூடாது. அந்தக் குடும்பத்துப் பூ உதடு பிரிந்த மாதிரி இருக்கும். துளசித் தண்டையோ புதினாத் தண்டையோ விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், உருளாது, தடுக்கும். அது சதுரத் தண்டு. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம், விளா எல்லாம் இன்னொரு வீடு. எலுமிச்சை இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அத்தனையும் தைலப் பைகள். கசக்கினால் கமகமவென்று மணம் வருவது அதனால்தான்.

பூசணிக்குக் கண் பட்டதா?

"நிறையப் பூக்குது அக்கா, ஒண்ணு கூடப் பிஞ்சு பிடிக்க மாட்டேங்குது. யார் கண்ணு பட்டதோ!" இது வீட்டில் பூசணி, சுரை, புடலை போட்ட எல்லோரும் சொல்கிற புகார். எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கண்ணும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதல் சில நாட்களுக்கு ஆண் பூவாகவே வரும். அதற்குள் கவலைப்பட வேண்டாம். பிறகு பூவின் அடியில் குட்டிப் பூசணி மாதிரி ஒரு உருண்டையோடு வருவது பெண் பூ. மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ.

பெண் பூவும் வந்து, அந்தக் குட்டி உருண்டை மஞ்சளாகி உதிர்ந்தால், மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். மாடித் தோட்டத்துக்குத் தேனீ எல்லா நாளும் வருவதில்லை. நாமே அந்த வேலையைச் செய்துவிடலாம். பூசணிப் பூ விடியற்காலை விரிந்து வெயில் ஏறினால் வாடிவிடும். ஆகவே காப்பி போடுவதற்கு முன்பே போய், ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுக்குமிழில் மெதுவாகத் தடவுங்கள். நாலைந்து நாளில் பிஞ்சு திரளும். சுரையும் பீர்க்கும் புடலையும் அந்தி சாய்ந்த பிறகு மலர்கிறவை. அவற்றுக்கு இந்தக் கல்யாணத்தை விளக்கு வைத்த பிறகு நடத்த வேண்டும். (புடலம்பூவை ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். லேஸ் பின்னின மாதிரி ஓரமெல்லாம் நூல் நூலாக இருக்கும். பகலில் வாடின பூவைப் பார்த்தவர்களுக்கு அந்த அழகு தெரியாது.) பூச்சி மருந்து அடிப்பவர்கள் பூ விரிந்திருக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள். வந்த தேனீயும் செத்துப்போகும்.

நாம் சாப்பிடுவதில் எது வேர், எது தண்டு என்பதும் வேடிக்கையான கணக்கு. மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் வேர் இல்லை. சர்க்கரைவள்ளி வேர், உருளைக்கிழங்கு தண்டு. உருளையில் குழி குழியாகக் கண் இருக்கிறதல்லவா, அது ஒவ்வொன்றும் முளைக்கும் கணு. வெங்காயம் இலை அடுக்கு. இஞ்சியும் மஞ்சளும் தண்டு. கிராம்பு விரியாத மொக்கு. வாழை மரத்தில் நாம் மரம் என்று நினைப்பது இலைக் காம்புகள் ஒன்றின் மேல் ஒன்று சுற்றிய உருளைதான். இந்த மரம் வெட்டப்படும்போது உள்ளே கிடைக்கும் வெள்ளைத் தண்டு, பூவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த காம்பு.

இத்தனையையும் நிரப்பியது இலை. வேர் அனுப்பும் தண்ணீரையும், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வைத்துக்கொண்டு, சூரிய வெளிச்சத்தையே விறகாக எரித்து இலை சர்க்கரை சமைக்கிறது. சமைத்து முடித்ததும் வெளியே விடுகிற மிச்சம்தான் நாம் மூச்சுவிடும் பிராணவாயு. நெற்பயிரில் கதிருக்குக் கீழே கடைசியாக வரும் இலையைக் கண்ணாடி இலை என்பார்கள் விவசாயிகள். அந்த இலை சீக்குப் பிடித்துக் காய்ந்தால் கதிரில் பதர்தான் மிஞ்சும். நம் தட்டில் விழுகிற சோற்றில் பெரும் பங்கு அந்த மேல் இலைகள் பொங்கிப் போட்டது.

தொப்பி போட்ட உறவுகள்

கத்திரிக்காய்க் காம்பில் பச்சைத் தொப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகாய்க்கும் உண்டு, தக்காளிக்கு நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். அது பூவின் புல்லி, காயானபின்னும் உதிராமல் நின்றது. சுண்டைக்காய், மணத்தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் இந்த வீடுதான். இதில் தக்காளி, மிளகாய், உருளை மூன்றும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின நம் பாட்டிமார் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தார்கள்.

இந்தக் குடும்பத்தில் புகையிலையும் இருக்கிறது, ஊமத்தையும் இருக்கிறது. நல்ல குடும்பத்தில் இப்படியா என்று நினைக்காதீர்கள். காயாகக் கொடுக்கிற செடியும் தன் உடம்பில் ஏதோ ஒரு மூலையில் விஷத்தை வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் போட்டுவைத்தால் தோல் பச்சையாகிறது. அந்தப் பச்சை வெறும் நிறம்தான், ஆனால் அதோடு கூடவே சோலனின் என்ற நஞ்சும் சேர்ந்துகொள்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியுங்கள். நிறையப் பச்சையோ, முளைவிட்டுச் சுருங்கிய கிழங்கோ, கசக்கிற கிழங்கோ என்றால் முழுசாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள். குழந்தைக்கு மசித்து ஊட்டுகிறவர்கள் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. வெளிச்சம் படாத கூடையில், சாக்கால் மூடி வைத்தால் இந்தத் தொந்தரவு இல்லை.

செடியின் உறவுமுறை தெரியாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, 1998 ஆகஸ்டில் டெல்லியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, கும்பல் கும்பலாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சுமார் 3,000 பேர் பாதிக்கப்பட்டு, 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சமைத்த கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. நம்மூர்த் தரிசிலும் ரயில் பாதை ஓரத்திலும் முள் முள்ளாக இலையோடு, மஞ்சளாகப் பூக்குமே, ஒடித்தால் மஞ்சள் பால் வருமே, அதுதான் பிரம்மதண்டு. கடுகுக்கு அது எந்த விதத்திலும் சொந்தமில்லை. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் வீட்டுப் பிள்ளை. நாலே இதழ், சிலுவை மாதிரி நிற்கும். பிரம்மதண்டோ கசகசா வீட்டைச் சேர்ந்தது. செடியாக நிற்கும்போது இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விதை? இரண்டும் கருப்பு, இரண்டும் பொடி.

நம் வீட்டில் கடுகு தாளிக்கத்தானே என்று விட்டுவிடாமல், வாங்கினதும் தட்டில் பரப்பிப் பாருங்கள். கடுகு வழவழவென்று இருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதை சொரசொரப்பு, நசுக்கினால் உள்ளே வெள்ளை. இரண்டு நிமிஷ வேலை.

குழந்தை கையில் குன்றிமணி

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணி, சிவப்பும் கருப்புமாகப் பளபளவென்று இருப்பதால் குழந்தை நேரே வாய்க்குக் கொண்டுபோகும். முழுசாக விழுங்கினால் அதன் கெட்டியான தோல் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். கடித்துவிட்டாலோ, மாலைக்காகத் துளை போட்ட மணியாக இருந்தாலோ ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். விளக்கெண்ணெய் பிழிகிறபோது விஷம் சக்கையில் தங்கிவிடுகிறது, எண்ணெயில் வராது. அதனால் எண்ணெய் மருந்து, விதை நஞ்சு. மஞ்சள் அரளியின் காய்க்குள் இருக்கும் விதை இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். செங்காந்தள் நம் மாநில மலர், பார்க்கத் தீக்கொழுந்து மாதிரி கொள்ளை அழகு. ஆனால் அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. கண்வலிக்கிழங்கு என்பது அதுதான்.

குழந்தை எதையாவது தின்றுவிட்டதா? வாயில் மிச்சமிருப்பதை விரலால் எடுத்துவிட்டு, தண்ணீரால் வாயைக் கழுவிவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பாட்டி சொல்கிற புளித் தண்ணீரும் நல்லெண்ணெயும் வேண்டாம். நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று காத்திருக்கவும் வேண்டாம். சில விஷம் மணிக்கணக்கு கழித்துத்தான் வேலையைக் காட்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் அந்தச் செடியில் இலை, பூ, காய் மூன்றும் சேர்ந்த கிளை ஒன்றை ஒடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "ஏதோ ஒரு காய் டாக்டர்" என்றால் அவர் என்னதான் செய்வார்? கிளையைப் பார்த்தால் இன்ன விஷம் என்று உடனே தெரிந்துகொண்டு வைத்தியத்தை ஆரம்பிக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, வாசலில் இருக்கும் செடியையெல்லாம் வெட்டப் புறப்பட்டுவிடாதீர்கள். அந்த அரளிக் குடும்பத்திலேயே பிறந்ததுதான் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. 1952-இல் கனடா நாட்டு டாக்டர் ஒருவருக்கு, ஜமைக்காவிலிருந்து இந்தச் செடியின் இலைகள் ஒரு கவரில் வந்தன. அங்கே சர்க்கரை வியாதிக்கு இதை டீ போட்டுக் குடிக்கிறார்கள் என்று சேதி. அவர் தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். அவர் சோதித்ததில் சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. சாதாரணமாகப் பார்த்தால் இது தோல்வி. ஆனால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற நோய் ஒன்று இருக்கிறதே, ரத்தப் புற்றுநோய்! நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பெல்லாம் ரத்தப் புற்று வந்த குழந்தையைப் பெற்றவர்கள் மாதக் கணக்கை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்றைக்கு நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளில் வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமானது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கு நல்லதாமே என்று தினமும் காலையில் நித்தியகல்யாணி இலையைப் பறித்து மெல்லுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். புற்றுநோய் அணுவைக் கொல்லுகிற சரக்கு அது. நல்ல அணுவையும் விட்டுவைக்காது. ஆஸ்பத்திரியில் மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள். நாம் கைப்பிடிக் கணக்கில் மெல்லலாமா?

செங்காந்தளின் நஞ்சும் இப்படி வேறு வேலைக்கு உதவியது. அதிலுள்ள கோல்ச்சிசின், யூரிக் அமிலம் சேர்ந்து மூட்டு வீங்கித் துடிக்கிறவர்களுக்கு மருந்து. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதன் விதைக்காகவே பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். இதே கோல்ச்சிசினை முளைக்கும் நாற்றில் தடவினால், செடியின் உயிரணுவில் இருக்கும் குரோமோசோம்கள் இரட்டிப்பாகி, பெரிய இலையும் தடித்த பூவுமாகப் புது ரகம் உண்டாகும். இதை வைத்து வேலை செய்த ஒரு பெண்மணியைப் பற்றி நம் பெண்களுக்கே அதிகம் தெரியாது.

ஜானகி அம்மாள் 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். கூடப் பிறந்தவர்களெல்லாம் கல்யாணமாகிப் போக, தமக்குப் படிப்புதான் என்று முடிவு செய்துகொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் ஆராய்ந்த செடி எது தெரியுமா? நம் கத்திரிக்காய்க்கு உறவான ஒரு செடி!

பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். 1912-இல் தொடங்கிய அந்த நிலையத்தில் செய்ததெல்லாம் சொந்தத்துக்குள் சம்பந்தம்தான். கரும்பும் ஆற்றங்கரை நாணலும் ஒரே புல் வீட்டுப் பங்காளிகள். கரும்புக்கு இனிப்பு இருந்தது, தாக்குப்பிடிக்கும் சக்தி இல்லை. நாணலுக்கு இனிப்பு இல்லை, எந்த வறட்சிக்கும் அசையாது. இரண்டையும் கலந்து 1918-இல் கோ 205 என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். வட இந்தியக் கரும்புக் கொல்லைகளின் முகமே மாறிப்போனது. ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை அங்கே கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புற்களோடும் கலந்து ஆராய்ந்தார். ஆண்கள் நிறைந்த இடத்தில் தனி ஒரு பெண்ணாக வேலை செய்வது எவ்வளவு சங்கடம் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

1939-இல் மாநாட்டுக்காகச் சீமைக்குப் போனவர், யுத்தம் மூண்டதால் அங்கேயே தங்கிவிட்டார். குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில் ஆராய்ச்சி செய்து, டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1945-இல் பயிர்களின் குரோமோசோம் கணக்கைப் பெரிய நூலாக வெளியிட்டார். நேரு அழைத்ததன் பேரில் 1951-இல் திரும்பி வந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணை கட்டி மூழ்கடிக்கப் பார்த்தபோது, எண்பது வயதிலும் எதிர்த்துக் குரல் கொடுத்தார். சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே தங்கி, மூலிகைகளை ஆராய்ந்தபடி, 1984 பிப்ரவரியில் காலமானார். அதே வருஷம் அந்தக் காடு தேசியப் பூங்காவானது.

இங்கிலாந்தில் விஸ்லி என்ற இடத்தில் பெரிய தோட்டம் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு ஜானகி அம்மாள் அங்கேதான் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் வைத்தார். அந்த மக்னோலியாக்களில் வெள்ளை வெளேரென்று பூக்கும் ஒரு ரகத்துக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.